ஞாயிற்றுக்கிழமை ஓடாத கார்

இந்த வருஷம் காரைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். தயார் செய்யாமல் இருப்பதற்குத்தான் நான் ராப்பகலாக உழைக்க வேண்டியிருந்தது.

ஃபின்லாந்தில் எங்கள் குஹ்மோ ஊர் ஏரி உறைந்துவிட்டது. முதல் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விட்டால் மீன்கள் வரிசையில் நின்று கடிக்கும். பக்கத்து வீட்டு ரெய்யோவோடு ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. அதே ஞாயிற்றுக்கிழமை, சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்கு விறகு பிளக்க வரச் சொல்லி மாமியாரின் உத்தரவு. அவர் வீடு ஆறு கிலோமீட்டர். கார் ஓடாவிட்டால் நான் பிழைத்தேன்.

திங்கட்கிழமையே என் மனைவி ஹில்கா ஆரம்பித்தாள்.

"ஏங்க, பனியில வழுக்காத ஆணி டயர் மாட்டியாச்சா?"

"ஜாக்கைக் காணோமே."

"உங்க தூண்டில் பெட்டிக்கு அடியில இருந்துது. நானே மாட்டிட்டேன்."

"நீயா? நட்டை ஒழுங்கா முறுக்கினியா?"

"உங்க காதுன்னு நெனச்சுத்தான் முறுக்கினேன்."

மறுநாள் வேறு வழி பார்த்தேன்.

"கண்ணாடி கழுவுற தண்ணி உறைஞ்சுடும். உறையாத தண்ணி கடையில தீந்துபோச்சாம்."

"ரெய்யோகிட்ட ரெண்டு கேன் இருந்துது. வாங்கி ஊத்திட்டேன்."

துரோகி.

"குளிர்ல கதவு ரப்பர் ஒட்டிக்குமே?"

"சிலிகான் தடவியாச்சு. பேட்டரியும் புதுசு. இன்னும் எதாவது நொட்டை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லவில்லை. செய்தேன். சனிக்கிழமை பனி கொஞ்சம் இளகி, ரோடெல்லாம் சேறு. காரை அதில் ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைக் கடைசிவரை இழுத்துவிட்டேன். ஃபின்லாந்தில் பிறந்த எவனும் குளிர்காலத்தில் இதைச் செய்ய மாட்டான். ஈரமான பிரேக் ராத்திரியில் உறைந்து, சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

காலையில் கவ்விக்கொண்டிருந்தது. துக்க வீட்டு முகத்தோடு உள்ளே போனேன்.

"ஹில்கா, பின்சக்கரம் உறைஞ்சுபோச்சு. அத்தை பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அதுக்கென்ன? கொட்டகையில சறுக்குவண்டி இருக்கே. நீங்க முன்னால போங்க. சக்கரம் விட்டுச்சுன்னா நான் கார்ல பின்னால வர்றேன்."

சறுக்குவண்டி என்பது இரண்டு நீள இரும்புப் பட்டைகள் மேல் ஒரு நாற்காலி. பின்னால் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலால் தரையை உதைத்துக்கொண்டே போக வேண்டும்.

"ஆறு கிலோமீட்டர் ஹில்கா."

"ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?"

உதைத்தேன். ஏரியைத் தாண்டும்போது ரெய்யோ பனிக்கட்டியில் உட்கார்ந்தபடி ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி வழியில் பின்னால் ஹாரன் சத்தம். எங்கள் கார்தான். ஹில்கா கண்ணாடியை இறக்கினாள்.

"எப்படி ஓடுது?" என்றேன்.

"கோடாலியைத் திருப்பிப் பிடிச்சுச் சக்கரத்துல ரெண்டு தட்டு தட்டினேன். விட்டுடுச்சு. நேத்து நீங்க ஹேண்ட் பிரேக் இழுத்த சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுதே."

நான் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"சரி, கதவைத் தொற. காலு ரெண்டும் போச்சு."

"சறுக்குவண்டியை என்ன பண்றது? சின்னக் காருல ஏறாதே."

"ஓரமாப் போட்டுட்டு வர்றேன்."

"ஐயையோ, அது அம்மாவோடது. போன வருஷம் இரவல் வாங்கினது. காருலயும் ஏறாத இதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறதுன்னு ஒரு மாசமா மண்டையை ஒடைச்சுக்கிட்டிருந்தேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கார் துளியும் வழுக்காமல் மேட்டில் ஏறிப் போயிற்று. நான் சறுக்குவண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டே நடந்தேன்.