தீராத மை

தமிழர் போற்றும் உயர்ந்த குணங்கள் எல்லாம் மையில்தான் முடிகின்றன: பொறுமை, நேர்மை, வாய்மை. இவற்றை எங்கள் குடும்பத்துக்குப் போதித்துவருவது, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வீற்றிருக்கும் பிரிண்டர்.

சென்ற வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் மனைவி காமினிக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. ஆள்குறைப்பில் வேலை போய் வீட்டில் இருந்தவள். இதுவும் தவறினால் அவள் சிங்கப்பூர் போக வேண்டும், நான் இங்கே இருக்க வேண்டும். அச்சிட்ட சுயவிவரம் கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். கீழே முஸ்தஃபாவின் நகல் கடை தொழுகைக்காக மூடியிருந்தது.

ஒரே பக்கம், கறுப்பு எழுத்து. கறுப்பு மை நிறையவே இருந்தது. ஆனால் "மஞ்சள் இல்லை" என்று அறிவித்துவிட்டு, பிரிண்டர் கடமையில் உறுதியாக நின்றது. எல்லா நிறத்தவரும் சேர்ந்தால்தான் முன்னேற்றம் என்று மேடையில் கேட்டிருக்கிறோம். நடைமுறையில் கண்டது அன்றுதான்.

காமினியின் தம்பி மோகனராஜ் "தொழில்நுட்ப ஆலோசகராக"ப் பொறுப்பேற்றான். அணைத்துப் போட்டான். பிளக்கைப் பிடுங்கி ஊதினான். பிறகு சேவை மையத்தை அழைத்து ஸ்பீக்கரில் வைத்தான். பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிய பெண் சொன்னாள்: "புது மஞ்சள் வைங்க சார், சரியாயிடும்."

சமையலறையிலிருந்த என் அக்கா குணவதி, மஞ்சளைக் குழைத்து வந்து பிரிண்டரின் நான்கு மூலையிலும் வைத்தார்.

"அக்கா, அது இங்க் லா," என்றேன்.

"தெரியும்டா. வாங்குனதுலேர்ந்து ஒரு பூஜையாவது போட்டீங்களா? அந்தக் கோவம்தான்."

மோகனராஜ் மோட்டாரில் போய் மஞ்சள் மை வாங்கி வந்தான். அந்தக் கடையிலேயே ஒரு பக்கம் அடித்து வந்திருக்கலாம். சொந்தப் பிரிண்டர் உள்ள குடும்பத்துக்கு அது அழகல்ல. கழற்றிய பழைய குப்பியைக் குலுக்கினால் உள்ளே சளசளத்தது. அது எங்கள் காதின் கோளாறாக இருக்கலாம்.

பிரிண்டர் மனம் குளிர்ந்து, மை தெளிக்கும் தன் தலையைத் தானே சுத்தம் செய்துகொண்டது. தாள் வெள்ளையாக வந்தது. மறுபடி தலை சுத்தம். மறுபடியும். தலை பளிச்சென்று ஆனபோது, கழுவியே கறுப்பு மை முழுவதும் தீர்ந்திருந்தது.

"மஞ்சள் இருக்குல்ல? மஞ்சள்லயே அடிப்போம்," என்றான் மோகனராஜ்.

அடித்தது. கறுப்பு இல்லாதது அதற்கு ஒரு குறையாகவே படவில்லை.

வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து. நேர்முகத் தேர்வில் மேலாளர் ரொஸ்னா அதை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டாராம். காமினி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். எந்தப் பிரிண்டர் என்று விசாரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நம்ம சிப் நல்லா வேலை செய்யுது."

வேலை அங்கேயே உறுதியானது.

மைக்குப்பியில் ஒட்டும் சிப் அந்தத் தொழிற்சாலையில்தான் தயாராகிறது. குப்பியில் மை மிச்சமிருக்கும்போதே "தீர்ந்தது" என்று சொல்கிறதா எனச் சோதித்து அனுப்புவது காமினியின் பொறுப்பு. உள்ளதை உள்ளபடி சொல்லும் சிப்பை அவள் "பழுது" என்று கழித்துவிடுகிறாள்.

காமினி சிங்கப்பூர் போகவில்லை. குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. வீட்டில் கறுப்பு தீரலாம், மஞ்சள் தீரலாம். தீராமல் எங்களுக்குச் சோறு போடும் மை ஒன்று இருக்கிறது: பொய்மை.