மூப்பர் நெல்சனோடு பெண் பார்க்கப் போனேன்

பெண் பார்க்கப் போகிறவன் யாரை உடன் அழைத்துப் போகலாம் என்பதில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அமெரிக்கப் பாதிரியை அழைத்துப் போகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். இதை அனுபவித்துச் சொல்லத் தென்னாற்காடு ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மார்மன் சபையைச் சேர்ந்த இரண்டு அமெரிக்க வாலிபர்கள் திண்டிவனத்தில் வாடகை வீடு எடுத்துத் தங்கினார்கள். எனக்கு அப்போதுதான் பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. (முடிந்தது என்றால், இனி வர வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.) இங்கிலீஷ் கொஞ்சம் பேசுவேன், தெரியாத இடத்தில் வேகமாகப் பேசுவேன். அதை நம்பி என்னை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சபையில் ஊழியத்துக்கு வரும் பையன்களை 'மூப்பர்' என்றுதான் அழைக்க வேண்டும். மூப்பர் நெல்சனுக்கு வயது இருபது. மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் எழுந்து ஜெபம், வேத வாசிப்பு, பூட்ஸுக்குப் பாலிஷ். பிறகு கொளுத்தும் வெயிலில் கோட்டும் டையுமாக வீடு வீடாக நடை. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். ஜனங்கள் ஆசையாக வாங்கி, வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அதிலேயே மடித்துக்கொண்டு போனார்கள். "எவ்வளவு ஆர்வம், பார்!" என்று நெல்சன் பூரித்துப்போனார்.

அவர்களுக்கு விதிகள் நிறைய. அவற்றில் இரண்டு என் கழுத்தைப் பிடித்தன. சாராயம், புகையிலையோடு டீயும் காப்பியும்கூட ஆகாது; அவர்களிடம் வேலை செய்கிறவனும் தொடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, "நீ காப்பி குடிப்பாயா?" என்று கேட்டார்கள். "அந்த வாசனையே எனக்கு ஆகாது" என்றேன். சொன்ன வாயில் அப்போதும் காப்பி மணந்திருக்கும்.

அடுத்த விதி, ஊழியக்காரர் ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது, ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் என்பது. நெல்சனுடைய ஜோடி மலேரியாவில் விழுந்து சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் தற்காலிக ஜோடியானேன். முடிவெட்டிக்கொள்ளப் போனால் பக்கத்து முக்காலியில் நெல்சன். காலையில் ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கினால், மரியாதையான தூரத்தில் முதுகைக் காட்டியபடி நெல்சன்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் எனக்குப் பெண் அமைந்தது. கம்பவுண்டர் தேவசகாயத்தின் மகள் எஸ்தர். அம்மா முன்பே போய்ப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டாள். நான் போய் ஒரு முறை பார்ப்பதுதான் பாக்கி. துரைமாரிடம் வேலை பார்க்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கம்பவுண்டர் என்னை வீட்டுக்குள் விடவே ஒப்புக்கொண்டிருந்தார். "நீ போனால் நானும் வர வேண்டுமே" என்று நெல்சன் வருத்தத்தோடு சொல்லி, டையைக் கட்டிக்கொண்டார்.

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதும் எனக்குத் தலைவலி. காப்பி உள்ளே போகாத தலைவலி. "கண்ணுக்கெட்டிய தூரம்தான், திரும்பும் வண்டியை விசாரித்து வருகிறேன்" என்று நெல்சனை ஒரு தூணருகே நிறுத்திவிட்டு, காப்பிக் கடைக்குப் பின்னால் போய் ஒரு டம்ளர் வாங்கினேன். பக்கத்தில் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"டிகாஷன் இன்னிக்கு சுமாருதான்" என்றார்.

"சேச்சே, நல்லா எறங்கியிருக்குதுங்க" என்று நிபுணனைப் போலச் சொல்லி, இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

நான் தூணுக்குத் திரும்பினால் அவரும் பின்னாலேயே வந்தார். நெல்சனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்கதான் மாப்ளயா? நான்தாங்க பொண்ணோட அப்பா" என்றார்.

வீட்டில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எஸ்தர் தட்டில் காப்பி கொண்டுவந்தாள். தட்டு துளிக்கூட ஆடவில்லை. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. நெல்சன் கும்பிட்டு வேண்டாம் என்றார். துரை என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு என் முன்னால் வந்து நின்றது.

குடித்தால் வேலை போகும். வேலை போனால் கம்பவுண்டர் பெண் கொடுக்க மாட்டார். குடிக்காவிட்டால், பெண் கொண்டுவந்த காப்பியை மாப்பிள்ளை தொடவில்லை, பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எந்தப் பக்கம் போனாலும் எஸ்தர் எனக்கில்லை.

"எனக்கு வேணாங்க" என்றேன்.

எஸ்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னா மாப்ள, தொரைங்ககிட்ட சேந்ததும் எங்க வூட்டு காப்பி எறங்கலியா?" என்றார் கம்பவுண்டர்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. வயிறு சரியில்ல. காலையிலேர்ந்தே வலி."

"ஸ்டேஷன்ல நல்லாத்தான இருந்தீங்க?"

"அதுக்கு அப்பறந்தாங்க."

"அப்ப அந்த காப்பிதான் பேஜாரு பண்ணிக்கினு இருக்குது" என்றார், என் கண்ணையே பார்த்தபடி.

காப்பி என்ற வார்த்தை எல்லா பாஷையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நெல்சனின் காது சிவந்தது. "காப்பியைப் பற்றி என்ன சொல்கிறார்?"

"வயிற்று வலிக்கெல்லாம் காப்பிதான் காரணம் என்கிறார்."

"மிகவும் விவரமான மனிதர்" என்று நெல்சன் மெச்சினார்.

விவரமான மனிதர் உள்ளே போனார். எஸ்தரும் பின்னால் போனாள். ஏதோ தாழ்ந்த குரலில் பேச்சு. பிறகு அதே தட்டு, அதே டம்ளர். உள்ளே காப்பி, அதன் மேல் தடிமனாக எண்ணெய்.

"வெளக்கெண்ண. ஜல்தியா ஒரே மடக்குல வுட்ருங்க" என்றார் கம்பவுண்டர்.

நெல்சன் மோந்து பார்த்து முகம் சுளித்தார். என் உத்தியோகத்தில் முதல் தடவையாக நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன்: இது பேதி மருந்து, தனியாகக் குடித்தால் குமட்டும் என்பதால் இந்தப் பக்கத்தில் காப்பியில் கலந்து கொடுப்பார்கள். நெல்சன் வெகு நேரம் யோசித்தார். "மருந்தென்றால் தடையில்லை" என்று சொல்லி எழுந்து, என் வயிற்றுக்காக ஜெபம் செய்தார். வீடே தலைகுனிந்து நின்றது. அத்தனை பேர் ஆமென் சொன்ன பிறகு குடிக்காமல் இருக்க முடியுமா? குடித்தேன்.

சாயங்கால பாசஞ்சரில் விக்கிரவாண்டி தாண்டியதும் மருந்து பேசத் தொடங்கியது. கக்கூஸுக்கு ஓடினேன். உள்ளே மல்லாட்டை மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. "திண்டிவனத்துலதாங்க எறக்குவோம்" என்றார் மூட்டைக்காரர். மயிலத்தில் வண்டி நிற்பதற்குள் குதித்து, எதிரே இருந்த பனந்தோப்புக்குள் பாய்ந்தேன். விதி விதிதான், கோட்டு பறக்க நெல்சனும் குதித்தார். வண்டி எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நான் புதருக்குப் பின்னால். அவர் வழக்கம்போல் மரியாதையான தூரத்தில் முதுகைக் காட்டி நின்று, எனக்குத் தைரியம் வரட்டும் என்று ஞானப்பாட்டு பாடினார். களையெடுத்துத் திரும்பிய பெண்கள் அதைக் கேட்டு நின்றார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள். திண்டிவனம், வல்லம் என்று ஊர் ஊராக அலைந்தும் சேராத கூட்டம் மயிலத்துப் பனந்தோப்பில் தானாகச் சேர்ந்துவிட்டது. நெல்சன் பரவசமாகிப் பிரசங்கத்தையே தொடங்கிவிட்டார்.

"சாமுவேல், மொழிபெயர்!"

மொழிபெயர்த்தேன். புதருக்குள்ளிருந்தே. நடுநடுவே நிறுத்தி நிறுத்தி.

"எவன்டி அது, பொதருல குந்திக்கினு பேசறான்?" என்றது ஒரு குரல். அதோடு பிரசங்கம் முடிந்து சிரிப்பு தொடங்கியது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு நடந்தே திண்டிவனம். வழியில் தாங்க முடியாமல், "நான் காப்பி குடிப்பேன்" என்றேன்.

"தெரியும். தினமும் உன் பக்கத்தில்தானே நடக்கிறேன்."

"பிறகு ஏன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை?"

"நீ போய்விட்டால் நான் தனியாகிவிடுவேனே" என்றார். அவருக்கு இருபது வயதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

யுத்தம் வந்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். என் வேலை போயிற்று. ஆனால் அதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது. வெறும் விளக்கெண்ணெயைத்தான் எனக்குக் கொடுக்க வேண்டும் என்று மாமனார் அன்று பிடிவாதம் பிடித்தாராம். காப்பியில் ஊற்றியது எஸ்தர். ஏன் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"எண்ணெய மட்டும் தனியா குடிச்சிருந்தா, என் காப்பிய வேணாம்னதா ஆயிருக்குமில்ல? அப்பறம் எங்கப்பா வுட்ருப்பாரா?" என்றாள்.

இத்தனை வருஷமாகியும் நான் ஏதாவது சாக்குச் சொன்னால் அவள் வாதாடுவதில்லை. "காப்பி போடட்டுமா?" என்று மட்டும் கேட்பாள். கதை தெரிந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன்.