மாடி அறைப் பேயும் மெர்சி போட்ட படமும்

வேல்விழி துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி என் ரூமுக்கு மேல யாரோ நடக்காவக்கா, பேய்தான். நா திங்கக்கெழம ஊருக்குப் போறேன்."

பென்னலூரில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதிக்கு மெர்சிதான் வார்டன். அவளுக்கு மனசு கேட்கவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று வாரத்துக்கு முன்புதான் வந்த பெண். கடைசியாக வந்ததால் மாடி மூலையில் தனி அறை கிடைத்தது. அவள் சம்பளத்தை நம்பித்தான் அங்கே வீடே இருந்தது.

"இன்னாம்மா இது, கர்த்தர் இருக்கார்ல," என்று மெர்சி ஜெபம் செய்து நிலைப்படியில் எண்ணெய் தடவினாள். மற்றப் பிள்ளைகள் மனம் கோணக்கூடாதே என்று குன்றத்தூர் முருகன் கோயில் விபூதியும் பூசினாள்.

மாலைக்குள் கீழே செய்தி பரவிவிட்டது. "ரெண்டு சாமி சொல்லியும் போவலியாம்டி."

மெர்சிக்கு ஒரு யோசனை வந்தது. பேயைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பயம் போய்விடும். பழைய பேய்ப் படங்களை ஒன்றுவிடாமல் கேலி செய்யும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அவளுக்கு உயிர். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கூடத்து ஜன்னல்களைப் போர்வையால் மூடி, பதினோரு பெண்களையும் டி.வி. முன்னால் உட்கார வைத்தாள்.

அந்தப் பழைய படங்களில் ஒன்றைக்கூட இவர்கள் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கலரே இல்லடி. நெஜமா நடந்ததா இருக்கும்," என்றாள் சத்யப்பிரியா.

வெள்ளைப்புடவைப் பேய் தும்மியது.

"செத்தும் சளி போவல, பாவம்."

பேய் புடவை தடுக்கிக் கிணற்றில் விழுந்தது. மெர்சியால் அடக்க முடியவில்லை. இருட்டில் அவள் சிரிப்பு கூடமெங்கும் எதிரொலித்தது.

"பேய் அக்கா மேலயே வந்துட்டுதுடி," என்று ஒருத்தி அலறினாள்.

"நாந்தாம்மா, மெர்சி," என்று அவள் செல்போன் டார்ச்சைத் தன் மோவாய்க்குக் கீழே பிடித்துக் காட்டினாள். பத்துப் பேர் கதவுக்குப் பாய்ந்தார்கள். வேல்விழி மட்டும் அசையவில்லை.

ஒருத்தியை நிறுத்தப்போய்ப் பதினோரு பேரையும் துரத்திவிட்டேனே ஆண்டவரே என்று மெர்சி இரவில் மாடியேறினாள். மூலை அறை நிறையப் பத்துப் பேரின் பாயும் தலையணையும். ஒருத்தி வேல்விழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரமா பேயோட இருந்துகினு கீறா, ஒண்ணும் ஆவல," என்றாள் சத்யப்பிரியா. "இவகூட இருந்தாத்தான்க்கா சேஃப்டி."

மெர்சி வேல்விழியை வெளியே அழைத்தாள். "மன்னிச்சுக்கம்மா. நாளைக்கு நானே பஸ் ஏத்திவுடறேன்."

வேல்விழி அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பேயெல்லாம் ஒண்ணும் கெடையாதுக்கா. தனி ரூம்ல பேச ஆளில்ல, அதான் அப்படிச் சொன்னேன். இவளுவகிட்ட மட்டும் சொல்லிராதிய."