நீல வளையக்காரன்

"ஏங்க, உங்க நீல வளையம் இன்னிக்கும் மீனோட வந்துடுச்சு பாருங்க!"

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன்கழுகுக் கணக்கெடுப்பாளர் பல்லைக் கடித்தபடி ஷூவைக் கழற்றினார்.

கூட்டுக்கு மேலே கேமரா வைத்தது அவர்தான். தன் வேலையைப் பார்த்து மனைவி பெருமைப்படட்டும் என்று வீட்டுக்கு இணைப்புக் கொடுத்ததும் அவர்தான். அழிந்துவரும் இனம், காலில் எண் பொறித்த வளையம் மாட்டினால்தான் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணாமல் இருக்கலாம். அந்தக் கூட்டின் ஆணுக்கு நீல வளையம் மாட்டியதும் அவரே. பெட்டை அடைகாக்கும், ஆண் இரை கொண்டுவரும் என்று விளக்கியதும் அவரே. வினை அங்கேதான் தொடங்கியது.

"யாரும் ஞாபகப்படுத்தவே வேணாம். தானா கொண்டு வருது."

மறுநாள் அவரும் மீனோடு வந்தார்.

"கடையில வாங்கினதா?" என்றாள் மனைவி. "அது பிடிச்சுல்ல கொண்டு வருது."

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஏரிக்குப் போனார். பெரிய மீன் சிக்கியது. கரைக்கு இழுப்பதற்குள் நழுவி நீர்மேல் துடித்தது. வானத்திலிருந்து நீல வளையக் கால் நீண்டது. மீன் போயிற்று. எட்டிப் பிடிக்கப் பார்த்தவர் சேற்றில் விழுந்தார்.

வீட்டு வாசலிலேயே மனைவி சொன்னாள்: "இன்னிக்கு எவ்ளோ பெரிய மீன் தெரியுமா!"

"அது என் மீன்டி!"

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "பறவைகிட்டயா போட்டி, மாப்பிள்ளை?"

மறுநாள் முழுக்கப் படகும் தொலைநோக்கியுமாக அந்த ஆணையே துரத்தினார். அது மீனோடு அக்கரைக்குப் பறந்தது. அங்கே இன்னொரு கூடு, இன்னொரு பெட்டை. அந்தக் கூட்டின் ஆணை, காலைப் பார்க்காமலே, வேறு பறவை என்று அவர் கணக்குக் காட்டியிருந்தார். இறங்கிய காலிலோ அதே நீலம், அதே எண்! மீன்கழுகு அபூர்வமாக இரண்டு கூடு வைத்துக்கொள்வதுண்டு. கணக்கில் ஓர் ஆண் குறைகிறது, மேலதிகாரி வறுத்தெடுப்பார். இருந்தும் படகிலேயே சிரித்தார்.

வீட்டுக்குள் பாய்ந்தார். "உன் உத்தமனுக்கு அக்கரையில இன்னொரு குடும்பம்! அங்கயும் மீன் போடுறான், என் கண்ணால பார்த்தேன்!"

மனைவியின் முகம் வாடியது. மெல்லத் திரையை அணைத்தாள். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

மாமியாரின் கையில் பட்டாணி அப்படியே நின்றது.

"அடேயப்பா! ரெண்டு வீட்டையும் கட்டி மேய்ச்சுக்கிட்டா இங்க ஒரு நாள் தவறாம மீன் கொண்டு வந்துச்சு? நான் அதுக்கு வேற வேலையே இல்லைன்னுல்ல நினைச்சேன்!"