சரிவு முழுக்க நீல வளையம்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டே, லாரிக்காரர் திருடனாவது என்று தீர்மானித்தார். திருடப்போவது ஒரு டப்பா நீலப் பெயிண்ட். பெயிண்ட் அவருடைய சொந்த வீட்டுச் சைக்கிள் கொட்டகையில்தான் இருந்தது. ஆனால் அது மனைவியின் ஆபீஸ் பெயிண்ட்.

பைன் மரங்களை நட்டு, வளர்த்து, வெட்டி, மறுபடி நடும் காடு அது. வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றி மலையிலிருந்து இறக்குவது அவர் வேலை. எந்த மரத்தை வெட்டலாம் என்று குறி போடுவது அவர் மனைவியின் வேலை. ஆரஞ்சு வளையம் போட்டால் அந்த மரத்தின் கதை முடிந்தது. நீல வளையம் போட்டால் ரம்பம் கிட்டே வரக்கூடாது.

அந்தக் காட்டின் செங்குத்தான ஒரு சரிவில், ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு, மலை சைக்கிளில் மேலிருந்து கீழே பாய்ந்து வர அவர் ஒரு பாதை வெட்டியிருந்தார். வீட்டில் குழாய் ஒழுகினால் குனிய முடியாத முதுகு, அங்கே ஞாயிறு தவறாமல் நாளெல்லாம் குனிந்து மண்ணைக் கொத்தியது. வளைவுக்கு அணை கட்டியது. எகிறிக் குதிக்க மேடு போட்டது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு மட்டும் அந்த முதுகு ஞாயிறுதோறும் விறைத்துக்கொண்டது.

முந்தின நாள் சாப்பிடும்போதுதான் இடி விழுந்தது.

“என் சரிவைப் பத்தி ஆபீஸ்ல ஏதோ பேசினாங்களாமே?”

“உங்க சரிவா? எப்ப எழுதி வாங்கினீங்க?”

“சரிம்மா, ஆபீஸ் சரிவு. என்ன பேசினாங்க?”

“முடிவே ஆயிடுச்சு. திங்கக்கிழமை காலையில அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள அங்க இருக்கிற மரத்துக்கெல்லாம் குறி போட்டாகணும்.”

“என்ன குறி?”

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவன் மூக்கையும் துடைத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள். “ஆபீஸ் பேச்சு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாருங்க?”

அவர்தான். அவர் ஓட்டிய லாரி, ஆபீஸ் கேட்டை இடித்த அன்று அவள் நாலு கேள்வி கேட்டாள். அன்று அவசரமாகப் போட்ட சட்டம் அது.

“இன்னும் குறி போடலையா?”

“எங்கங்க போடுறது! ஆடு ஏறத் தயங்குற சரிவு. புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஏற முடியுமா? நாளைக்கு மதியத்துக்கு மேல பார்க்கணும்.” பெருமூச்சு விட்டாள். “பெயிண்ட் டப்பா ரெண்டும் கொட்டகையில இருக்கு. ஆபீஸ் சாமான். கை வெச்சுடாதீங்க.”

லாரிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டார். எல்லா மரத்துக்கும் குறி என்றால் எல்லா மரமும் காலி. இழுவை வண்டி ஏறினால் பாதை சேறாகிவிடும். அவள் ஆரஞ்சு பூசும் முன் நாம் நீலம் பூசிவிட்டால்? அதிகாரி நீலத்தைப் பார்ப்பார், போய்விடுவார். ஆனால் பழி யார் தலையில் விழும்? கட்டின மனைவி ஒரு பக்கம், வெட்டின பாதை ஒரு பக்கம். மனசாட்சியோடு மல்லுக்கட்டினார். மனசாட்சி நோஞ்சான். தோற்றுவிட்டது.

கொட்டகையில் நீல டப்பாவின் மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மேலே ஒரு புது பிரஷ். பக்கத்தில் ஒரு ஜோடி கையுறை, அவர் கைக்கு அளவெடுத்ததுபோல. தெய்வமே கண் திறந்துவிட்டது என்று நினைத்தார்.

ஞாயிறு என்பதால் ரம்பச் சத்தம் இல்லை. காடு கப்சிப். உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, டப்பாவோடு மரம் மரமாக இறங்கினார். எல்லாம் பழகிய மரங்கள். ஒன்று அவர் முன்பல்லை வாங்கியது. ஒன்று தோளை இறக்கியது. “நீ பல்லை எடுத்தே, நான் உனக்கு உயிரைக் குடுக்கிறேன்” என்று சொல்லி முதல் மரத்துக்கு இரண்டு பூச்சு பூசினார். ஊசியிலை வழுக்கி, டப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒரு வளைவு முழுக்க இறங்கினார். சைக்கிளில்கூட அந்த வளைவை அவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை. இடுப்பு கழன்றது. கை மரத்தது. தியாகம் என்றால் சும்மாவா?

சாயங்காலம் வீடு திரும்பினார். மனைவி தூங்கி எழுந்த முகத்தோடு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, காதுல நீலமா இருக்கு?”

“விழுந்துட்டேன்.”

“விழுந்தா செவக்கும். உங்களுக்கு மட்டும் நீலமா?”

“நீ... சரிவுக்குப் போகலையா?”

“புள்ள தூங்கினான், நானும் அசந்துட்டேன். எத்தனை மாசமாச்சு ஒரு ஞாயித்துக்கிழமை தூங்கி! பார்த்துக்கலாம் விடுங்க.”

அவர் அவசரமாகக் காதைக் கழுவப் போனார்.

திங்கட்கிழமை காலை லாரியைச் சரிவின் அடியில் நிறுத்தினார். அதிகாரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். சரிவெல்லாம் நீலம். பழியை நாமே ஏற்றுவிடலாம் என்று லாரிக்காரர் கம்பீரமாகத் தொண்டையைக் கனைத்தபோது, அதிகாரி முந்திக்கொண்டார்.

“பிரமாதம்மா! ஒரு மரம் விடலையே! இதை வெட்டினா மண்ணு சரிஞ்சு ஓடைய மூடிடும், அத்தனையும் நிக்கணும்னு போன மாசமே முடிவு பண்ணோம். இந்தச் சரிவுல யாரு ஏறிக் குறி போடுவாங்கன்னுதான் கவலை. எப்படிம்மா செஞ்சே?”

“வீட்டுக்காரர் கொஞ்சம் ஒத்தாசை பண்ணாருங்க ஐயா.”

அதிகாரி லாரிக்காரரின் முதுகில் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவருக்குத் தளர்ந்த மூடி, புது பிரஷ், அளவெடுத்த கையுறை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

“போன மாசமேவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“ஆபீஸ் பேச்சாச்சேங்க.” அவள் எட்டி அவர் காதிலிருந்த மிச்ச நீலத்தை நகத்தால் சுரண்டினாள். பிறகு, எதிரே இன்னும் செங்குத்தாக நின்ற சரிவைக் காட்டினாள்.

“அடுத்த மாசம் அதுக்குக் குறி போடணும். சும்மாதானே இருக்கீங்க, அங்கயும் ஒரு பாதை வெட்டுங்களேன்.”