சவரிராயன் கால் ஒடிந்த ஆட்டம்

"இந்தக் காலத்துப் பசங்க ஆடறது ஒரு ஆட்டமா? பூட்சு மாட்டிக்கிறானுங்க, லேசாத் தொட்டாலே சுருண்டு விழுந்து ஐயோ அம்மாங்கறானுங்க. ஜெர்மன் சண்டைக்கு முந்தி நாங்க வெறுங்கால்ல ஆடுனோம்!" என்றார் சவரிராயன்.

நிச்சயத் தட்டு மாற்ற வந்தவர்களிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் பாண்டிச்சேரி நகரசபைக் குமாஸ்தாவான அவருக்கு, அந்தக் காலத்துக் கால்பந்து என்றால் இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது.

மாப்பிள்ளையின் அப்பா கிறிஸ்துதாஸ் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "எங்க பையனும் பூட்சு போட்டுத்தான் ஆடறான்."

கதவுக்குப் பின்னால் சவரிராயனின் மனைவி இருதயமேரி தொண்டையைக் கனைத்தாள். அலைந்து திரிந்து அமைந்த வரன். மகள் லூர்துசெல்விக்கும் பையனைப் பிடித்துப் போயிருந்தது.

"பூட்சு நல்லதுதான் சம்பந்தி!" சவரிராயன் சட்டென்று கட்சி மாறினார். "அன்னிக்கு எனக்கு அது இருந்திருந்தா இந்தக் காலு இப்பிடி ஆயிருக்குமா?" என்று நொண்டும் இடது காலைத் தடவினார்.

"யாரோட ஆட்டத்துல?"

"கடலூர்க்காரனுங்களோடதான். முரட்டுப் பசங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வந்திருப்பவர்களே கடலூர்க்காரர்கள்.

"எல்லாரும் இல்ல... ஒரே ஒருத்தன். பனைமரமாட்டம் ஒசரம், காதுல கடுக்கன். மத்தவங்கள்ளாம் தங்கம்!"

எல்லோரும் மூலையில் இருந்த பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்துதாஸின் அண்ணன் அல்போன்ஸ். நல்ல உயரம். காதில் கடுக்கன்.

"அண்ணே! பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் காலை ஒடைச்சேன்னு சொல்லுவியே, அது இவருதானா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

அல்போன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், மனசு உறுத்துகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அவரு மேல தப்பில்லைங்க. நான்தான் குறுக்கப் போயி காலை உட்டேன்," என்றார் சவரிராயன்.

கிறிஸ்துதாஸுக்குச் சுருக்கென்றது. "அப்போ எங்க அண்ணன் ஒடைக்கல, உங்க காலு தானா வந்து ஒடிஞ்சுதுங்கறீங்களா? கடலூர்ல அவரு பேரே அந்தக் காலாலதான் நிக்குது!"

"ஐயையோ, அவருதான் ஒடைச்சாரு! வேணும்னேதான் ஒடைச்சாரு!"

"அப்பிடியா சேதி? நாளைக்கு எங்க அண்ணனுக்குச் சோறு போடறப்பல்லாம் உங்க பொண்ணுக்கு அப்பன் காலு ஞாபகம் வராதா? அண்ணன் தலை குனியற எடத்துல எங்களுக்குச் சம்பந்தம் வேணாம். எழுந்திரிங்க எல்லாரும்."

உள்ளே லூர்துசெல்வி விசும்புவது கேட்டது. சவரிராயன் நொண்டிக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினார். மானம் போனால் போகட்டும், மகள் வாழ்க்கை போகக் கூடாது.

"நில்லுங்க சம்பந்தி! வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம். நான் எந்த ஆட்டமும் ஆடல. மாமியாரு சாம்பாருக்கு முருங்கைக்கா பறிச்சாரச் சொன்னாங்க. மரத்துல ஏறுனேன். கெளை ஒடிஞ்சுது, காலும் ஒடிஞ்சுது. என் ஆயுசுல நான் பந்தைத் தொட்டதே இல்ல!"

வாசல்வரை போனவர்கள் அப்படியே நின்றார்கள். பெரியவர் அல்போன்ஸ் மட்டும் திரும்பி வந்து, பழைய இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"நமக்கு ஏத்த குடும்பம்டா தம்பி, தட்டை மாத்து. நானும் பந்தைத் தொட்டதே இல்ல."