சாட்சியைப் பொரித்த கதை

அன்பு மருமகள் நெர்மினாவுக்கு,

மாமா முஹரெம் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ஹதீஜாவும் பசுவும் நலம். சரயேவோவில் நீயும் உன் வக்கீல் தொழிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே படி. வழக்கு போய்விட்டது.

நம் ஆற்றைக் குழாய்க்குள் திருப்பி மின்சாரம் எடுக்க அனுமதி வாங்கிய கம்பெனி, சட்டம் பாதுகாக்கும் மிலாதித்சா மீன் இதில் கிடையவே கிடையாது என்று எழுதிக்கொடுத்ததும், ஒன்றைக் காட்டிவிட்டால் அனுமதி ரத்தாகிவிடும் என்று நீ சொன்னதும் நினைவிருக்கும். போன வாரம் பக்கத்து வீட்டு ஸுல்ஃபோவின் தூண்டிலில் ஒன்று தானாக வந்து மாட்டியது. என் கால் நீளம். கோர்ட் அனுப்பும் நிபுணர் வரும்வரை உயிரோடு இருக்கட்டும் என்று நம் வீட்டு ஊற்றுத் தொட்டியில் விட்டேன். உன் அத்தையிடம் உண்மையைச் சொன்னால் காபி குடிக்க வரும் அத்தனை பேருக்கும் போய்விடும் என்பதால், ஒரு விருந்தாளிக்காக வாங்கினேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். நான் செய்த புத்திசாலித்தனம் இதுதான்.

நிபுணர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நானும் ஊர்க்காரர்களும் மண்வாரி இயந்திரம் உள்ளே நுழையாதபடி பாலத்தில் காவல் உட்கார்ந்திருந்தோம். வீடு தேடி வந்த மனுஷனை வெறும் காபியோடு அனுப்ப நம் ஊரில் யாருக்கு மனம் வரும்? நான் வந்து சேர்ந்தபோது அவர் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன காரியம் செய்தாய் என்று உன் அத்தையிடம் கேட்டேன்.

"விருந்தாளிக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. இவரு என்ன, வழி தப்பி வந்த ஆடா?"

விஷயம் புரிந்ததும் நிபுணரின் முகம் வெளிறிப்போனது. தான் தின்றதை எப்படி எழுதுவார்? மீன் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போய்விட்டார். பாவம், அதுவும் உண்மைதான். அவர் பார்த்தது பொரித்த துண்டுகளைத்தானே.

உன் அத்தை அன்றிலிருந்து அந்த வாணலியைத் தொடவில்லை. நானும் ஆற்றின் சத்தம் காதில் விழாதபடி ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். காட்ட மீனும் இல்லை, அதனால் விசாரணைக்கு நீ வர வேண்டாம் அம்மா, வீண் அலைச்சல். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், எங்களைவிட விவரமான கட்சிக்காரர்களையும் கொடுக்கட்டும்.

வெட்கத்துடன்,
மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது போலீஸ்காரர் வந்தார். பாதுகாக்கப்பட்ட மிலாதித்சாவைக் கொன்று சமைத்ததாக உன் அத்தைமேல் புகார். காபி குடிக்க வருபவர்கள் வழியாகக் கேள்விப்பட்டுக் கொடுத்தது கம்பெனி, நம்மைப் பயமுறுத்தத்தான். "இந்த ஆற்றில் வாழும் மிலாதித்சா" என்று அவர்களே எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். அதை உன் அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான் கொன்னேன், ஒத்துக்கறேன்னு எழுதுங்க. நெர்மினாவை உடனே கிளம்பி வரச் சொல்லுங்க."